ஸ்காபரோவில் கல்வெட்டு அடிப்பித்தல்: விலை, தரம், அம்மம்மாவின் நெற்றித் திருநீறு

முதலில் விலை. பாதிப் பேர் அதற்காகத்தான் வாசிக்க வந்திருப்பீர்கள். கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது, இறந்தவர் நினைவாக அடித்துக் கொடுக்கும் மலரை. 36 பக்கம், 200 பிரதி. அட்டையும் உள்ளே எட்டுப் பக்கமும் கலர், மிச்சம் கறுப்பு வெள்ளை. 940 கனடிய டொலர், அதன் மேல் 13 வீதம் வரி. திதி வெண்பா (இறந்த திதியைச் சொல்லும் பாட்டு) வேண்டும் என்றால் 60 டொலர் தனி. படம் திருத்துவது இலவசம். அந்த இலவசத்தைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், அதை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

அச்சகத்தின் பெயரைப் போடவில்லை. கல்யாணக் காட், சாமத்தியவீட்டு அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை, கல்வெட்டு எல்லாம் ஒரே கூரையின் கீழ் அடிக்கும் கடைகளில் ஒன்று. உறவுக்காரர் வீடுகளில் கிடந்த வேறு அச்சகங்களின் மலர்களையும் எடுத்துப் பார்த்தேன். அதே குத்துவிளக்கு, அதே தாமரை, அதே வசனம். ஆகவே ஒரு கடையை மட்டும் பிடித்துத் திட்டுவதில் நியாயம் இல்லை. எங்கே கொடுத்தாலும் கவனிக்கவேண்டியது ஏறக்குறைய இதுதான்.

மலர் என் அம்மம்மாவுக்கு. 1934இல் யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்தவர், 2024 ஆவணியில் ரொறன்ரோவில் காலமானார். நல்லூர்க் கந்தன் திருவிழாத் தீர்த்தம் முடிந்து பத்து நாள்வாக்கில். தேரை யூடியூபில் பார்த்து, கட்டிலில் இருந்தபடியே கைகூப்பி, "கமராக்காரன் சனத்தைத்தான் காட்டுறான், சாமியைக் காட்டுறான் இல்லை" என்று குறையும் சொல்லிவிட்டுத்தான் போனார். 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம், மதியபோசனம். அன்றைக்கு வருகிறவர்கள் கையில் கல்வெட்டு கொடுக்கவேண்டும். பேரப்பிள்ளைகளில் தமிழ் தட்டத் தெரிந்தவள் நான் என்பதால் பொறுப்பு என் தலையில் வந்தது.

லண்டனில் இருக்கும் மச்சான் ஒருவன், "சாப்பிட்டிட்டுப் போற சனம் காரின்ரை பின்சீற்றிலை போட்டிட்டு மறக்கிற புத்தகம், அதுக்கு ஏன் இவ்வளவு மினக்கெடுகிறாய்" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டில் நான் கண்டது வேறு. அம்மம்மா விடியப்புறம் கும்பிடும்போது கையில் இருந்த புத்தகமே ஒரு கல்வெட்டுத்தான். இணுவிலில் அவரின் பெரியதாய் ஒருவர் இறந்தபோது அடித்தது, 1971 என்று போட்டிருக்கிறது. வண்ணார்பண்ணையில் ஈய எழுத்துக் கோத்து அடித்த புத்தகம். 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரால் வலிகாமம் முழுவதும் எழும்பி மழைக்குள்ளால் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மம்மாவின் பையில் காணி உறுதி, அடையாள அட்டை, சட்டம் கழற்றிய முருகன் படம் ஆகியவற்றோடு இதுவும் இருந்தது. பிறகு கொழும்பு, அப்புறம் கனடா. புத்தகத்தின் அட்டை எப்போதோ போய்விட்டது. சிவபுராணம் உள்ள பக்கத்தில் எண்ணெய் ஊறி மறுபக்கத்து எழுத்துத் தெரியும். அந்தப் பெரியதாய் யார், எப்படி வாழ்ந்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவரின் கல்வெட்டோ ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தினமும் விரிந்திருக்கிறது.

ஆகவே என் அளவுகோல் இரண்டு. உள்ளே இருக்கும் திருமுறைகள் பிழையில்லாமல், வயதானவர்கள் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். இறந்தவர் யார் என்பது இரண்டு தலைமுறை தாண்டி வாசிப்பவருக்கும் தெரியவேண்டும். இந்த இரண்டையும் வைத்துத்தான் மதிப்பிடுகிறேன்.

கடையில் முதலில் ஒரு படிவம் தருவார்கள். பிறந்த ஊர், வதிவிடம், பெற்றோர், கணவர், கணவரின் தொழில், பிள்ளைகள், அவர்கள் இருக்கும் நாடு, மருமக்கள், பேரர், பூட்டர், சம்பந்திகள். எல்லாவற்றுக்கும் கோடு போட்ட இடம் உண்டு. இறந்தவர் பெண் என்றால் அவர் என்ன செய்தார் என்று கேட்க ஒரு கோடும் இல்லை. நான் படிவத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

"வாழ்க்கை வரலாறு நாங்களே எழுதுவம் தங்கச்சி, அது ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் முதலாளி. வைபரில் புரூஃப் வந்தது. அன்னார் இல்லறத்தை நல்லறமாகப் பேணினாராம், விருந்தோம்பலில் சிறந்து விளங்கினாராம், சைவநெறி வழுவாது வாழ்ந்தாராம். இதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் இதே வசனங்கள் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பொருந்தும், பக்கத்துவீட்டு அன்ரிக்கும் சேர்த்து. சைவநெறி வழுவாது என்றால் எப்படி வழுவாது? அதைத்தான் எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

அம்மம்மாவின் அப்பா புகையிலைத் தோட்டக்காரர். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை மலையாளத்துக்குப் போகும். மலையாளத்துக் காசு நன்றாக வந்த ஒரு வருடம்தான் வீட்டுக்கு ஓடு போட்டதாகச் சொல்வார். எட்டாம் வகுப்போடு அம்மம்மாவின் படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை வரிவரியாகப் பாடம். எண்பது வயதிலும் ஏதாவது ஒரு கேள்வியை எடுத்துக் கொடுத்தால் விடை நாவில் வந்து நிற்கும். சிறு வயதில் ஒருநாள் அப்பா கொழும்புத்துறைக்கு, யோகர் சுவாமி என்ற சித்தரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சுவாமி ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். அது அம்மம்மாவுக்குப் பெரிய குறை. இருந்தாலும் சுவாமியின் "எப்பவோ முடிந்த காரியம்" என்ற வாக்கை வாழ்நாள் முழுதும் எடுத்து வைத்திருந்தார். பஸ் தவறினாலும் எப்பவோ முடிந்த காரியம், பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் எப்பவோ முடிந்த காரியம். வைத்தியர் புற்றுநோய் என்று சொன்ன அன்றைக்கும் அதுதான். மொழிபெயர்க்கச் சொல்லி வைத்தியர் என்னைப் பார்த்தார். "சரி என்று சொல்கிறார்" என்று சொல்லிவிட்டேன்.

தாத்தா ரயில்வேயில் எழுதுவினைஞர். வெள்ளவத்தையில் வாடகை வீடு. 1983 ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்து, முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறை வந்து இறங்கினார்கள். தாத்தா அதற்குப் பிறகு கனகாலம் இருக்கவில்லை.

1999இல் மூத்த மாமா ஸ்பொன்சர் செய்து அம்மம்மா கனடா வந்தார். பதினாலாம் மாடி. வந்த கிழமையே, குளிர்க்கோட் தொங்கவிடும் அலுமாரியைக் காலி செய்து சாமி வைத்துவிட்டார். கோட்டுகள் எல்லாம் கதிரைகளின் முதுகுக்குப் போயின. சாம்பிராணிக்கு அலாரம் அடிக்கும். மாமா அலாரத்துக்குக் குளியல் தொப்பி மாட்டிவிட்டார் (செய்யக்கூடாது, நீங்கள் செய்யாதீர்கள்). ஒருநாள் கட்டடத்தைப் பராமரிக்கும் பெண்மணி வந்து கதவைத் தட்டினார். எல்லோரும் பயந்துபோனோம். அவர் கயானாவில் இருந்து வந்தவர், அவரும் இந்து. கற்பூர வாசத்தை மூக்கில் இழுத்துவிட்டு, யன்னலைத் திறந்து வைக்கும்படி கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த பிள்ளையார் சதுர்த்திக்கு மோதகம் முதலில் போனது அவர் வீட்டுக்கு. பாஷை இல்லாமலே அந்தச் சிநேகிதம் பதினைந்து வருடம் ஓடியது.

விரதங்கள் தனிக் கதை. கௌரிக் காப்பு இருபத்தொரு நாள், பிள்ளையார் கதை இருபத்தொரு நாள், கந்தசட்டி ஆறு நாள் பாலும் பழமும். நீரிழிவுக்காரி. குடும்ப வைத்தியர் தமிழர்தான், வருடம் தவறாமல் ஏசுவார், இவர் வருடம் தவறாமல் தலையாட்டிவிட்டு வந்து இளநீர் எங்கே மலிவு என்று விசாரிப்பார். திருவெம்பாவைக் காலத்தில் இணுவிலில் விடிய நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமுமாகத் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவார்கள். இங்கே சங்கு ஊத முடியாது. ஆனால் கோயில் ஐந்து மணிக்குத் திறக்கும், வெளியே மைனஸ் பதினெட்டு. கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டுவது நான், பின்சீற்றில் இருந்து "எழும்புங்கோடி பெண்டுகளே என்று பாட்டே சொல்லுது, நீ கொட்டாவி விடுகிறாய்" என்று சொல்வது அவர்.

இதற்கிடையில் ஐந்து பேரப்பிள்ளைகளை வளர்த்தார். என் அம்மா, மாமாக்கள், மாமிமார் எல்லாரும் தொழிற்சாலையில் இரவு பகல் மாறி மாறி வேலை. பள்ளிக்கூடத்தால் வந்து நாங்கள் சாப்பிட்டது, வீட்டுப்பாடம் செய்தது, அடிபட்டது எல்லாம் அவர் காலடியில். முதியோர் பென்சன் கிடைக்க இந்த நாட்டில் பத்து வருடம் இருந்திருக்கவேண்டும். அந்தப் பத்து வருடமும் அவர் கையில் ஒரு சதம் சொந்தக் காசு இல்லை. பென்சன் வரத் தொடங்கிய மாதமே பங்கு பிரித்தார்: இணுவில் கந்தனுக்கு ஒன்று, தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலோடு தொடங்கிய மகளிர் இல்லத்துக்கு ஒன்று, மிச்சம் எங்களுக்குப் பிறந்தநாள் காசு. தனக்கு என்று வாங்கியது காலுக்கு ஒரு நல்ல சப்பாத்து.

இவ்வளவையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம்தான் அளவு, மேலதிகப் பக்கத்துக்குக் காசு என்றார்கள். இங்கே ஒரு தொழில் நுணுக்கம் தெரிந்திருப்பது நல்லது: நடுவில் கம்பி அடித்துக் கட்டும் புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்கில்தான் கூடும். எங்களுக்கு மேலதிகமாகத் தேவைப்பட்டது மூன்று பக்கம், ஆக 32 பக்க மலர் 36 ஆனது, காசும் நாலு பக்கத்துக்குத்தான். மிஞ்சிய பக்கத்தை வெறுமையாக விடாமல், அம்மம்மா விரத நாட்களைக் குறித்து வைத்த கொப்பியில் ஒரு பக்கத்தை அப்படியே ஸ்கான் பண்ணிப் போட்டோம். வந்தவர்கள் அதிகம் நின்று பார்த்த பக்கம் அதுதான். எழுத்தைப் பார்த்ததும் இரண்டு பேர் "இது அவவின்ரை கை" என்றார்கள்.

அச்சகத்தை மனதாரப் பாராட்டவேண்டிய இடம் ஒன்று உண்டு. வம்சாவளிப் பக்கம். சின்ன மாமா 1996இல் யாழ்ப்பாணத்தில் காணாமல் போனார். தென்மராட்சியில் இருந்து சனம் திரும்பி வந்த வருடம், நூற்றுக்கணக்கானோர் அப்படிக் காணாமல் போன வருடம். சைக்கிளில் போனவர் வரவில்லை. அம்மம்மா முகாம் முகாமாகப் போனார், செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்தார், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசிவரை அவருக்குத் திவசம் செய்ய விடவில்லை. ஒவ்வொரு வருடமும் பிறந்த நட்சத்திரத்துக்கு அர்ச்சனை, உயிரோடு இருக்கும் பிள்ளைக்குச் செய்வதுபோல. அச்சகத்தின் மாதிரியில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அல்லது பின்னால் ஏதாவது வரவேண்டும். இருந்தால் அடைப்புக்குள் நாடு, இல்லையென்றால் "காலஞ்சென்ற".

"அப்ப தம்பிக்கு என்ன போடுறது?" என்று முதலாளி கேட்டார். நான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு தட்டச்சு செய்யும் பெடியனை எழுப்பிவிட்டுத் தானே கதிரையில் இருந்து அந்தப் பெயரைத் தனியாக, முன்னும் பின்னும் ஒன்றும் இல்லாமல், மற்றப் பெயர்களின் அதே அளவில் அடித்தார். "எங்கடை வீட்டிலையும் ஒண்டு இப்பிடித்தான் போட்டது" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். அம்மம்மாவை நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் கண்டதே இல்லை. மூன்று விரல் அகலம், நடுவில் சந்தனம். குடியுரிமை அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது ஸ்டூடியோக்காரர் நெற்றியைத் துடைக்கச் சொன்னார். "வேண்டாம் என்றால் அட்டையை அவையே வைச்சிருக்கட்டும்" என்று எழும்பிவிட்டார். கடைசியில் திருநீற்றோடேயே எடுத்து அனுப்பினோம், அட்டை வந்து சேர்ந்தது. கனடா அரசாங்கம் ஒரு சொல்லும் சொல்லாமல் ஏற்றுக்கொண்ட திருநீறு அது.

மலரின் அட்டைப் பட புரூஃபில் நெற்றி துடைத்த கண்ணாடிபோல இருந்தது. சந்தனம் இருந்த இடத்தில் வட்டமாகச் சிவப்புக் குங்குமம். கன்னத்தில் சுருக்கம் இல்லை, மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சம் இல்லை, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி. அம்மா பார்த்துவிட்டு, "இது ஆர்?" என்றார். பகிடிக்குக் கேட்கவில்லை. தாத்தா போனபிறகு அம்மம்மா குங்குமம் வைத்ததில்லை, அதுவும் சேர்ந்து அம்மாவுக்கு என்னவோ செய்துவிட்டது.

பெடியனிடம் கேட்டேன். இங்கே பிறந்த பிள்ளை, நல்ல பிள்ளை. "அக்கா, நெத்தியிலை வெள்ளையா ஊத்தை மாதிரி இருந்தது, கிளீன் பண்ணிட்டன். எல்லாரும் பொட்டு வைக்கச் சொல்லுவினம், அதுதான் வைச்சனான்." இவனைக் கோபிக்க முடியவில்லை. ஆனால் கல்வெட்டுத்தான் வருமானத்தில் பெரும்பங்கு என்று சொல்லும் ஒரு கடையில், திருநீறு எது ஊத்தை எது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. மூலப் படத்தை மீண்டும் கேட்டபோது, திருத்திய படத்தை அதன் மேலேயே சேமித்துவிட்டிருந்தார்கள். நல்லவேளை, எங்களிடம் பிரதி இருந்தது. ஆகவே படத்தைக் கொடுக்கும்போதே எழுத்தில் கொடுங்கள்: வெளிச்சம் கூட்டலாம், கீறலை எடுக்கலாம், முகத்தில் கை வைக்கக்கூடாது. வாயால் சொன்னால் முதலாளிக்குக் கேட்கும், பெடியனுக்குப் போய்ச் சேராது. நீர்வீழ்ச்சிக்குப் பதிலாக இணுவில் கந்தசாமி கோயில் மஞ்சத்தின் (தேர்போன்ற வாகனம்) படம் கேட்டோம். அவர்களிடம் நல்லூர்த் தேர்தான் இருந்தது. ஊரில் இருந்து ஒருவரை எடுத்து அனுப்பச் சொல்லி அதைப் பின்னட்டையில் போட்டோம். அச்சில் வடிவாக வந்தது, அதில் குறை இல்லை.

திருமுறைப் பகுதி அவர்களிடம் ஆயத்தமாக இருக்கும். பஞ்சபுராணம், சிவபுராணம், திருப்புகழ், வாழ்த்து எல்லாம் முன்பே தட்டி வைத்தது. யாரும் சரிபார்ப்பதில்லை, எல்லா மலருக்கும் அதையே இறக்குவார்கள். பிழை இருந்தால் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே பிழை. எங்கள் புரூஃபில் சிவபுராணத்தின் முதல் அடியே "நமச்சிவாய வாழ்க" என்று இருந்தது. மாணிக்கவாசகர் பாடியது "நமச்சிவாய வாஅழ்க". அந்த அளபெடையை யாரோ தட்டச்சுப் பிழை என்று நினைத்து எடுத்துவிட்டார்கள். அம்மா கண்ணாடிகூடப் போடாமல் பிடித்துவிட்டார். காரணம், அம்மம்மா அந்த "வா"வை இழுத்து, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகுதான் "அழ்க" என்று இறங்குவார். தொண்ணூற்றைந்து அடியும் மனப்பாடம், ஆனாலும் புத்தகம் விரிந்திருக்கவேண்டும்.

மற்றப் பிழைகள் பழைய எழுத்துருவால் வந்தவை. முன்பு எல்லாவற்றையும் பாமினியில் தட்டி வைத்திருக்கிறார்கள், இப்போது யுனிகோடுக்கு மாற்றுகிறார்கள். மாற்றும்போது "கௌரி"யில் இருக்கவேண்டிய ஔகாரக் குறி ளகரமாக வந்து உட்காரும். அச்சில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஆனால் பிடிஎஃப்பில் தேடினால் அகப்படாது. சில இடங்களில் ஒற்றைக் கொம்பு அடுத்த எழுத்துக்குத் தாவி நின்றது. பதம் பிரித்த இடங்களும் தாறுமாறு. நாவலர் 1849இல் அச்சுக்கூடம் போட்டதே பிழையில்லாத சைவ நூல் வேண்டும் என்றுதான். அந்த வண்ணார்பண்ணையில் அடித்த 1971 கல்வெட்டை பக்கத்தில் வைத்துத்தான் நான் அடியடியாகத் திருத்தினேன். அதில் ஒரு பிழையும் எனக்கு அகப்படவில்லை. திருத்தத்தை அவர்கள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இனி அந்தக் கடையில் அடிக்கும் சிவபுராணம் எல்லாவற்றிலும் "வாஅழ்க" இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் எதற்கும் பாருங்கள். எழுத்தின் அளவு பத்துப் புள்ளி என்று வந்தது, பதினாலாக்கச் சொன்னேன். சொல்லாவிட்டால் பத்துத்தான்.

அடுத்தது திதி, இதில் நிறையக் குடும்பங்கள் ஏமாறுகின்றன. அம்மம்மா இறந்தது ரொறன்ரோ நேரம் இரவு 9 மணி 40. அச்சகத்தில் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து, அன்றைய திகதியில் இரவு 9.40க்கு என்ன திதி என்று பார்த்து, தசமி என்று போட்டுவிட்டார்கள். பஞ்சாங்கத்தில் இருப்பது இலங்கை நேரம். இங்கே கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. அவர் கண் மூடியபோது இணுவிலில் அடுத்த நாள் காலை 7 மணி 10. தசமி அங்கே நள்ளிரவு தாண்டி முடிந்துவிட்டது, அப்போது ஏகாதசி. திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையில் உள்ள தூரக் கணக்கு, அது ஊருக்கு ஊர் மாறாது, மணிக்கூடுதான் மாறும். நேரத்தை மாற்றிவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் சரி. பஞ்சாங்கம் வாக்கியமா திருக்கணிதமா, எந்தக் கணிப்புமுறை என்பது இன்னொரு வில்லங்கம், இரண்டுக்கும் சில மணித்தியாலம் வித்தியாசம் வரும். உங்கள் வீட்டில் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை ஐயரிடம் முதலிலேயே கதைத்து முடிவெடுங்கள். வருடாவருடம் திவசம் செய்யப்போவது இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான்.

வெண்பாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 60 டொலருக்கு வந்த வெண்பாவைப் பெரியப்பா பார்த்தார், அவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். இரண்டாம் அடியில் தளை தட்டுகிறது, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு எதிலும் முடியவில்லை என்றார். பிறகு எங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருந்த வேறொருவரின் மலரில் அதே வெண்பா இருந்தது. அங்கே தளை தட்டவில்லை. பெயரையும் திதியையும் மாற்றி ஒட்டியதில்தான் உடைந்திருக்கிறது. காட்டியதும் முதலாளி ஒரு வாதமும் இல்லாமல் 60 டொலரைத் திருப்பித் தந்தார். பெரியப்பா அன்றிரவே தானே ஒன்று கட்டினார். பெரியம்மா சொன்னபடி, அவருக்கும் ஒரு வேலை வேண்டித்தானே இருந்தது.

தாள், கட்டு எல்லாம் குறை சொல்ல இல்லை. உள்பக்கத்துக்கு மினுங்கும் தாள்தான் கையில் எடுப்பார்கள், மினுங்காத தாள் கேளுங்கள். மின்குமிழ் வெளிச்சத்தில் வயதானவர்களுக்கு மினுங்கல் கண்ணைக் குத்தும். விலை ஒன்றுதான். சொன்ன நாளைக்கு ஒருநாள் முன்னதாகவே பெட்டிகளை மண்டபத்துக்குக் கொண்டுவந்து இறக்கித் தந்தார்கள். புரூஃப் பார்த்துத் திருத்த நேரம் வேண்டும் என்பதால் எட்டுச்செலவு (எட்டாம் நாள் சடங்கு) முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள், இருபதாம் நாள் போய் நின்றால் அவர்கள் போட்டதுதான் அச்சு.

முடிந்ததும் பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டோம் என்று சொல்லமாட்டார்கள், கேட்காவிட்டால் தரவும் மாட்டார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம், ஈழத்துப் புத்தகங்கள், இதழ்களோடு இந்த நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. எங்களுடையதை அனுப்பிவிட்டேன். எண்ணெய் ஊறின 1971 கல்வெட்டையும் ஸ்கான் பண்ணிக்கொண்டிருக்கிறேன். பெரியதாயின் வாழ்க்கை வரலாறு அதில் நாலு வரிதான், பிறந்த ஊரும் கணவர் பெயரும் பிள்ளைகள் பெயரும். அவ்வளவாவது இருக்கட்டும்.

இணுவிலில் உள்ள சொந்தங்களுக்கு இங்கிருந்து தபாலில் அனுப்புவது கட்டுப்படியாகாது. பிடிஎஃப்பை யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்துக்கு அனுப்பி அங்கேயே நூறு பிரதி அடிப்பித்தோம். செலவு இங்கத்தையில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை, எழுத்தும் நல்ல கறுப்பாக விழுந்திருக்கிறது. ஸ்காபரோ முதலாளியிடம் ஒரு பிரதியைக் காட்டினேன். தாளைத் தடவிப் பார்த்து, கம்பி அடித்த இடத்தைப் பார்த்து, "அங்கை மை மலிவு தங்கச்சி" என்றார்.